கக்கூஸ் கூரைமேல் படர்ந்த பூசைத் திராட்சை

என் அன்பு மகனுக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மன்னார்க் கரையில் உனக்குத் தந்த கோயில் நல்ல கோயில், சனம் நல்ல சனம், மீன் தாராளம், கிணற்றுத் தண்ணீர்தான் கொஞ்சம் உவர் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சந்தோஷம். இங்கிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டுபோன திராட்சைத் தண்டுகள் துளிர்த்துவிட்டன என்ற இடத்தை அப்பாவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் வாசித்துக் காட்டினேன். அதற்குக் கீழே ஒரு வரி வைத்திருக்கிறாய் பார், அதில்தான் எனக்குப் பகீரென்றது. நீங்கள் தெற்கு வெயிலில்தானே வென்றீர்கள் அம்மா, அதனால் நானும் கோயிலின் தெற்குச் சுவரோடு குழி வெட்டப்போகிறேன் என்கிறாய். மகனே, வெட்டாதே. வெட்டியாயிற்று என்றால் மூடு. மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசி. ஆட்களுக்கு முன்னால் உன்னைச் சுவாமி என்றுதான் கூப்பிடுகிறேன், கையையும் உதட்டில் ஒற்றி முத்தி செய்கிறேன். ஆனால் திராட்சை விஷயத்தில் நீ இன்னும் என் மடியில் இருக்கிற பிள்ளைதான்.

இந்தக் கொடியின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நடந்த காலமெல்லாம் நீ குருமடத்தில் லத்தீன் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். உன் வெள்ளவத்தை மாமி சொன்ன கதையில் எல்லாம் செய்தது அவதான். இப்போது என் வாயால் கேள். நீ குருமடத்துக்குப் போன அன்று உன் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல், நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இந்தப் பிள்ளை குருப்பட்டம் பெற்று முதற்பூசை வைக்கும் நாளில், பாத்திரத்தில் ஊற்றுகிற திராட்சை இரசம் நான் வளர்த்த பழத்திலிருந்து வரவேண்டும் என்று. மற்றப் பெண்கள் மெழுகுதிரி நேருவார்கள், பீடத்துக்குத் துணி நேருவார்கள். எனக்கு வாய் பெரிது, உனக்குத் தெரியாததா? நேர்ந்துவிட்டு வெளியே வந்து படியில் நின்றபோதுதான் கொழும்பில் திராட்சைக்கு எங்கே போவேன் என்று யோசித்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

அந்த நாளில் பூசை இரசம் சீமையிலிருந்து கப்பலில் வரும். யுத்தம் தொடங்கிக் கப்பல்கள் குறைந்ததும் நம் பங்குச் சுவாமியார் பாத்திரத்துக்குள் கண்ணீர்விடுகிற மாதிரிச் சொட்டுச் சொட்டாக ஊற்றத் தொடங்கினார். நீ பட்டம் பெறும் நேரம் இரசம் இருக்குமோ இராதோ என்று அவருக்கே நிச்சயமில்லை. அப்போதுதான் என் நேர்த்தி விளையாட்டுக் காரியமில்லை என்று ஆனது. அவரிடம் போய்க் கேட்டேன், வீட்டில் செய்த இரசம் பூசைக்கு ஆகுமா என்று. அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "பழச்சாறு தன்பாட்டில பொங்கி இரசமாக வேணும், பிள்ளை. தண்ணி கூடாது, சீனி கூடாது. கலந்தால் செல்லாது." சீனி கூடாது என்றால் இனிப்பு எங்கிருந்து வரும்? பழத்திலிருந்து. பழத்துக்கு எங்கிருந்து வரும்? வெயிலிலிருந்து. பழத்தில் இனிப்புக் குறைந்தால் இரசத்தில் பலம் இராது, கொஞ்ச நாளில் புளித்து வினாகிரியாகிவிடும். ஆக என் நேர்த்தி முழுவதும் வெயிலின் கையில் கிடந்தது. நல்ல வெயில் விழுகிற ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொழும்பில் அதைத் தேடிப் பார், தெரியும்.

உன் மாமி இதைக் கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டா. அப்பாவின் அக்கா, பிள்ளை குட்டி இல்லாதவ, உன்னைத் தன் வயிற்றில் பிறந்தவன் மாதிரிப் பார்த்தவ. அதை நான் எந்த நாளும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு காரியத்துக்குள் அவ கால் வைத்தால் பிறகு அது அவவுடைய காரியம். "உங்கட கொட்டாஞ்சேனை வீட்டில துணி காயப்போடவே இடமில்லை, மச்சாள். பூசை முந்திரிகை எங்கட வளவில நிக்கட்டும்" என்றா. நம் ஆட்களுக்குத் திராட்சை என்றால் முந்திரிகைதானே. யாழ்ப்பாணத்திலிருந்து யார் மூலமோ தண்டும் வந்து சேர்ந்தது. நடுவதற்கு இடம் பார்க்கக் குடும்பமே வெள்ளவத்தைக்குப் போனோம். அது உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை. மேல்மாடி வீட்டுக்கு வடக்கே அவ குகை மாதிரிக் கட்டிவைத்த மாதா கெபி, அதன் பக்கத்தில் நடுவது என்று முன்னமே தீர்மானமாகியிருந்தது. மத்தியானம் போய் நின்றோம். வெயில் உச்சியிலே கொளுத்தியது. கெபியும் மண்ணும் தகதகவென்று இருந்தன. இதைவிட என்ன இடம் வேண்டும் என்று எல்லாருக்கும் ஆனந்தம். நான் மட்டும் சொன்னேன், இப்போது சூரியன் நேர் தலைக்கு மேலே, இந்த மாதம் கிணற்றுக்குள்ளும் வெயில் விழும், மார்கழியில் வந்து பார்ப்போம் என்று. நல்ல நாளில் குறுக்கே பேசாதேயும் என்று அப்பா கண்ணைக் காட்டினார். வெள்ளவத்தைப் பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கொடியை மந்திரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

மார்கழியில் போனேன். சூரியன் தெற்கே சாய்ந்து, மாமியின் மேல்மாடி வீட்டு நிழல் கெபியின் தலைவரை ஏறி நின்றது. காலையில் நிழல், மத்தியானம் நிழல், பின்னேரம் நிழல். கொழும்பில் மழை விட்டு வானம் தெளிகிற காலமே மார்கழி, தை, மாசிதான். பழம் பழுக்கவேண்டியதும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்து அந்தக் கொடிக்கு வெயில் இல்லை. இலை மட்டும் பொங்கிய பால்சட்டி மாதிரி நிறைந்து வழிந்தது. பிறகு காய்த்த வருஷமும் நாலைந்து குலைதான். பச்சையாகவே நின்று சுருங்கின. மாமி விடவில்லை, அதைப் பிழிந்து சாடியில் ஊற்றி வைத்தா. அது வினாகிரியாகி, அந்த வருஷம் வெள்ளவத்தையில் அச்சாறு மிக நன்றாக இருந்தது.

கொடியை இடம் மாற்றுவோம் என்றேன். அவ்வளவுதான், மாமிக்குக் கண் சிவந்துவிட்டது. "மந்திரிச்ச கொடியைப் பிடுங்கிறதோ, மச்சாள்?" என்று கேட்டா. மகனே, நம் வேதக்காரருக்கு இது ஒரு வியாதி. முதலில் மந்திரிப்போம், பிறகுதான் பார்ப்போம். மந்திரித்துவிட்டால் அதைப் பிழையென்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழாது. நீ இப்போது தீர்த்தச் செம்பு கையில் உள்ளவன், அதனால்தான் இதை உனக்கு விரித்து எழுதுகிறேன். உன் சனம் வீட்டுக்கும் வள்ளத்துக்கும் கிணற்றுக்கும் உன்னைக் கூப்பிடும். போ, மந்திரி. ஆனால் போவதற்கு முன் அந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போ.

நான் மாமியோடு சண்டை பிடிக்கவில்லை. அதாவது, அன்றைக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் சொந்த முற்றத்தைப் பார்த்தேன். நம் வீடு உனக்குத் தெரியும், வடக்குப் பார்த்த வீடு, பின்னால் கோடிப்பக்கம், இரண்டு பக்கமும் அயல்வீட்டு உயர்ந்த மதில், கடைசியில் கக்கூஸ், அதற்கப்பால் கழிவு வாளி எடுக்க வருகிறவர்கள் நடக்கும் பின் ஒழுங்கை, அதற்கும் அப்பால் பலகை விற்கிற மரக்காலை. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஒரே அளவுத் துண்டுகளாக்கினேன். காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துப் பிழிந்து, குசினி வாசலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மதிலோரம் ஒன்று என்று கட்டிவிட்டேன். எது முதலில் மொறுமொறுவென்று காய்கிறதோ அங்கேதான் வெயில் அதிகம். மிளகாயும் கருவாடும் காயப்போட்டுப் பழகின எனக்கு இதற்கு ஒரு சாத்திரமும் தேவைப்படவில்லை. மார்கழியில் செய்தேன், பங்குனியில் செய்தேன், ஆனியில் மழை விட்ட நாள் பார்த்துச் செய்தேன். எந்த மாதம் செய்தாலும் வென்றது ஒரே இடம். நான் விளையாட்டாகக் கட்டின துண்டு அது. கக்கூஸ் கூரைத் தகரத்தின் மேலே.

நினைத்துப் பார்த்தால் வேறு எங்கே இருக்கும்? தெற்கே ஒழுங்கை, ஒழுங்கைக்கு அப்பால் பதிந்த மரக்காலைக் கொட்டில்கள், சூரியனை மறிக்க ஒன்றுமில்லை. வீட்டு நிழல் அந்த அந்தம் வரை எட்டாது. பக்கத்து மதில்கள் தரையில் நிற்கும் செடிக்குக் காலை வெயிலைத் தின்றுவிடும், ஆனால் கூரை உயரத்தில் உள்ளதற்கு ஒன்றும் செய்யமுடியாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொழும்பில் இப்படி வெயில் குளிக்கிற இடம் கவர்னர் மாளிகையில்கூட இருக்குமோ தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது, பிறகு பிடிவாதம் வந்தது. என் பிடிவாதத்தைத்தான் நீயும் எடுத்துப் பிறந்திருக்கிறாய். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

இங்கேதான் உன் தெற்குச் சுவருக்கு வருகிறேன். நான் வென்றது தெற்கினால் இல்லை, மகனே. பழம் பழுக்கிற மாதத்தில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்ததினால். இங்கே பழுப்பது மாசியில், அப்போது சூரியன் தெற்கே நிற்கும். உன் பக்கத்தில் மார்கழியென்றால் அடைமழை. அந்த மழையில் பழம் வெடித்து அழுகும். உன் கொடி ஆனி, ஆடியில்தான் பழுக்கவேண்டும், தண்டு கழித்து வெட்டுவதையும் அதற்குத் தக்கபடி செய். ஆனி, ஆடியில் சூரியன் எங்கே? வடக்கே. உன் கோயிலோ பனை உயரம். அந்த மாதங்களில் அதன் தெற்குச் சுவர் காலையிலும் பின்னேரத்திலும் நிழலில் குளிர்ந்து கிடக்கும். மாமியின் கெபிக்கு நடந்தது அப்படியே திருப்பிப் போட்டு உனக்கு நடக்கும். என்னைப் பார்த்துச் செய்யாதே. அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, திறந்த வெளியான வடபக்கத்தில் காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் போய் நில். துணி கட்டிப் பார். தாய் சொன்னாள் என்பதற்காகச் சூரியன் இடம் மாறாது.

சரி, கதைக்கு வருகிறேன். ஐப்பசியில் மாமி கொடியைக் கழித்து வெட்டின தண்டுகளைக் குப்பையில் போடுவா. நான் போய் அதில் நல்லதாகப் பொறுக்கிக் குடைக்குள் செருகிக்கொண்டு ரயில் ஏறினேன். மந்திரித்த கொடியை நான் பிடுங்கவில்லை, அவ வெட்டிப் போட்டதைத்தான் எடுத்தேன். ஆசீர்வாதம் வேரில் மட்டும் இருக்கிறதா, தண்டிலும் வருகிறதா என்று நம் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல், தண்டிலும் வரும் என்று சொன்னார். இடத்தையும் காட்டினேன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்று, கொடி ஏறப்போகிற கூரையை அண்ணாந்து பார்த்தார். "கொடி நிக்கிற இடத்தைப் பற்றிச் சட்டத்தில ஒண்டும் இல்லை. கலப்படத்தைப் பற்றித்தான் இருக்கு" என்றார். எனக்கு அது போதும். அப்பாவுக்குப் போதவில்லை. "இஞ்சாரும், தெரு முழுக்கச் சிரிக்கப்போகுது" என்றார். சிரிக்கட்டும், சிரிக்கிற வாய்க்கு வரி இல்லை என்றேன். சிரித்தார்கள்தான். எருவுக்குக் குறைவில்லையாமே என்று சந்தையில் மீன்காரன்கூடக் கேட்டான். வாளி தன்பாட்டில் ஒழுங்கையால் போகும், என் வேருக்கு நான் போட்டது ஆட்டெரு, இதை எத்தனை பேருக்குத்தான் விளங்கப்படுத்துவது?

மாமி வந்து பார்த்த நாள்தான் நாள். முற்றத்தில் கால் வைத்தவ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டா. "நற்கருணைக்குப் போற பழத்தைக் கக்கூஸ் கூரையிலயோ வளர்க்கிறியள்? எனக்குச் சொல்லவே வாய் கூசுது, மச்சாள்." "வெயில் கூசேல்லையே, மச்சாள்" என்றேன். அதற்குப் பிறகு அவ வெகுகாலம் இந்தப் படி ஏறவில்லை. பாலன் பிறந்த நத்தாருக்குப் பலகாரம் மட்டும் ஆள் மூலம் வந்தது, அதையும் நான் திருப்பி அனுப்பவில்லை, அவவின் கொக்கிசு அவ்வளவு ருசி. ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. இடம் பிழைத்தால் நேர்த்தி பிழைத்தது. உனக்கு முதற்பூசைக்குத் தாய் தருவதாகச் சொன்னதும் பொய், உறவும் போச்சு, தெருவும் சிரித்தது என்று ஆகிவிடும். அந்த வருஷங்களில் நான் வானத்தைப் பார்த்த அளவுக்குக் கண்ணாடி பார்க்கவில்லை.

காய்த்தது, மகனே! தையில் நிறம் ஏறி, மாசியில் குலைகுலையாகத் தொங்கியது. கிழிந்த நுளம்புவலையைத் தைத்துக் காகம் கொத்தாமல் மேலால் போட்டோம். முதற்பழத்தை வாயில் போட்டேன், அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவு இனிப்பு. ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். மென்றார், விதையைத் துப்பினார், நேரே போய் ஏணியைக் கொண்டுவந்து பந்தல் கம்புகளை இன்னும் இறுக்கிக் கட்டினார். உன் அப்பா என்னிடம் தோற்றதை ஒத்துக்கொள்கிற விதம் அதுதான். பழத்தைக் கையால் பிசைந்து கண்ணாடிச் சாடியில் விட்டேன். அது தன்பாட்டில் பொங்கி, நுரைத்து, அடங்கியது. வடித்து இருட்டு மூலையில் வைத்தேன். மாதங்கள் போனபின் திறந்து மணந்தேன். வினாகிரி இல்லை. வருஷா வருஷம் அப்படித்தான். உன் பட்டத்துக்கு நாள் குறித்தபோது என் அலுமாரிக்குள் ஒரு போத்தல் தெளிந்து நின்றது.

அந்தக் கிழமை அதைச் சுவாமியார் இருக்கிற அறைவீட்டுக்குக் கொண்டுபோனேன். போனால், அங்கே கதிரையில் உன் மாமி! அவவின் மடியிலும் ஒரு போத்தல், கழுத்தில் நீல ரிபன் கட்டி. கெபிக் கொடியை விடாமல் பார்த்து, அவவும் எப்படியோ ஒரு இரசம் செய்துவிட்டா. சுவாமியார் இரண்டையும் மேசையில் வைத்தார். என்னிடம் கேட்டார், ஏதாவது கலந்ததா என்று. இல்லை என்றேன். மாமியிடம் திரும்பினார். அவ போத்தலைப் பார்த்தா, சுவரில் தொங்கின பாடுபட்ட சிலுவைச் சுரூபத்தைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "கொஞ்சம் சீனி, சுவாமி" என்றா. "கூப்பனுக்குக் கிடைச்ச சீனிதான். நான் ஒரு வருஷமா வெறுந் தேத்தண்ணி குடிச்சுச் சேர்த்தது." சொல்லிவிட்டுத் தலை குனிந்து அழுதா. மகனே, நான் வென்றுவிட்டேன், அந்த நிமிஷம் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், உள்ளே குதிக்கத்தான் செய்தேன். ஆனால் ஒரு வருஷம் சீனி இல்லாமல் உனக்காகத் தேத்தண்ணி குடித்த மனுஷியை எப்படித் தோற்றவ என்று சொல்வது? எழும்பிப் போய் அவவின் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என்ர போத்தல் எந்தக் கொடி, மச்சாள், உங்கட கொடியிட தண்டுதானே என்றேன். சுவாமியார் என் போத்தலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "இது செல்லும்" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதை உம்முடைய மகனிடம் கேளும் என்றுவிட்டார்.

உன் முதற்பூசையன்று முன்வாங்கில் நானும் மாமியும் அருகருகே முழங்காலில் இருந்தோம். அப்பா மறுபக்கத்தில் ஆண்களோடு. நீ பாத்திரத்தில் இரசத்தை ஊற்றினபோது எட்டிப் பார்த்தேன். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது, கோயில் முழுக்கத் தலை குனிந்தது. நான் குனியவில்லை. மாமியும் குனியவில்லை. நீ பாத்திரத்தை உயர்த்தினாய். மாமி என் கையை நோகப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னா, "மச்சாள், கக்கூஸ் முந்திரிகை எந்த உயரத்துக்குப் போகுது பாருங்கோ." பூசை நேரத்தில் சிரித்த பாவத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடியது, துடைக்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பேருக்கும் முன்னால் என் கண்ணீர் ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து உன் கையை முத்தி செய்ய வரிசையில் முதலாவதாக என்னைத்தான் விட்டார்கள். பட்டத்துக்குப் பூசின எண்ணெய் மணம் மாறாத உன் உள்ளங்கையை முத்தி செய்துவிட்டு, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காமல், எப்படி இருந்தது என்று கேட்டேன். நீ குனிந்து சொன்னாய், நினைவிருக்கிறதா? "வெறும் வயித்தில, அம்மா, நெஞ்சுவரைக்கும் சுட்டுது."

"வெயில்தானே, மகன்" என்றேன். "சுடத்தான் செய்யும்."

அம்மா